நம் ஊர்ப் படங்களுக்கு நிலைத்த ஓர் இடம்

மதுரை – போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் ரயில் 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. பாதை அகலப்படுத்தப்பட்டபின் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் மீண்டும் ரயில் வந்தது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் குழந்தைகள் யாரும் அந்தப் பழைய ரயிலைப் பார்த்திருக்க முடியாது. அதை ஆர்வத்தோடு படம் எடுத்தவர்களிடம் கேட்டால், பழைய கைப்பேசியில் இருந்தது என்றோ, கணினி பழுதானபோது போய்விட்டது என்றோதான் பெரும்பாலும் பதில் வரும்.

நம் ஆசிரியர்களில் படம் எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் பலர். சுருளி அருவி, மேகமலைத் தேயிலைத் தோட்டம், வீரபாண்டித் திருவிழா, கம்பத்தின் திராட்சைப் பந்தல் என நம்மிடம் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. இவற்றை எங்கே வைப்பது, யாருக்குக் கிடைக்கும்படி வைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இலவச இடங்கள் தரும் பாடம்

வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் படம் அளவில் சுருங்கிவிடும். எடுத்த நாள், கேமரா போன்ற விவரங்களும் அதிலிருந்து நீங்கிவிடும். ஒரு மாதம் கழிந்தால் தேடி எடுப்பதே கடினம்.

படங்களுக்கென்றே உள்ள தளங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. போட்டோபக்கெட் தளம் 2017இல் திடீரென விதியை மாற்றியது. அங்குள்ள படங்களைப் பிற இணையப் பக்கங்களில் காட்ட ஆண்டுக்கு 399 டாலர் கட்ட வேண்டும் என்றது. உலகெங்கும் பல பக்கங்களில் படங்கள் மறைந்துபோயின. கூகுளின் பிக்காசா 2016இல் மூடப்பட்டது. கூகுள் போட்டோஸ் தந்த வரம்பற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1இல் முடிந்தது. இப்போது அந்நிறுவனத்தின் எல்லாச் சேவைகளுக்கும் சேர்த்து 15 ஜிபி மட்டுமே இலவசம்.

2004இல் தொடங்கிய பிளிக்கர், ஒளிப்பட ஆர்வலர்களின் விருப்பமான தளம். 2013இல் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாகத் தந்தது. 2018இல் கைமாறியபின், இலவசக் கணக்குக்கு 1000 படங்கள்தான் என்று அறிவித்தது. ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் பகிரப்பட்ட படங்களை நீக்கமாட்டோம் என்றும் உறுதி தந்தது. பிறரும் பயன்படுத்தட்டும் என்று கொடுத்த படங்களைக் காப்பதில் பலருக்கும் அக்கறை இருக்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

மூன்று தேவைகள், மூன்று இடங்கள்

முதல் தேவை, பாதுகாத்தல். மூலப் படங்களை ஒரு வன்தட்டிலும், மற்றொரு பிரதியை வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். எந்த இணையதளமும் இதற்கு மாற்றாகாது.

இரண்டாவது, காட்டுதல். ஒளிப்படக் கலையில் ஆர்வமுள்ளோருடன் கருத்துப் பரிமாற பிளிக்கர், இன்ஸ்டாகிராம் போன்றவை போதும்.

மூன்றாவது, கொடுத்தல். பாடநூல் எழுதுவோரும் வேறு ஊர் மாணவரும் நம் படத்தைத் தேடி எடுத்துப் பயன்படுத்த வேண்டுமென்றால், அதற்குரிய இடம் விக்கிமீடியா பொதுவகம். 2004 செப்டம்பரில் தொடங்கப்பட்ட இதில் இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் நாம் காணும் படங்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே வருகின்றன. விவரக் குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம்.

பறவை, பூச்சி, தாவரப் படங்களுக்கு ஐ-நேச்சுரலிஸ்ட் பொருத்தமானது. பெயர் தெரியாத பூவின் படத்தை இட்டால், அறிந்தவர்கள் இனம்கண்டு சொல்வார்கள்.

கொடுக்கும் முன் அறிய வேண்டியது

பொதுவகத்தில் படம் இடுவோர் பெரும்பாலும் தெரிவுசெய்வது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். பதிப்புரிமை நம்மிடமே இருக்கும். பயன்படுத்துவோர் நம் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஆனால் வணிக நோக்கில் பயன்படுத்தவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. இதற்கு மனம் ஒப்பும் படங்களை மட்டுமே இட வேண்டும்.

நாமே எடுத்த படங்களையே இடுதல் நல்லது. தாத்தா காலத்துப் படம் நம் பெட்டியில் இருப்பதால் மட்டும் அதன் பதிப்புரிமை நம்முடையதாகிவிடாது. திரைப்படச் சுவரொட்டி, புத்தக அட்டை ஆகியவற்றைப் படம் எடுத்து இடுவதும் கூடாது. குடும்பப் படங்கள், தற்படங்கள் ஆகியவற்றுக்குப் பொதுவகம் இடமல்ல. கல்விப் பயன் உள்ளவையே அங்கு நிலைக்கும்.

மாணவர் முகம் தெரியும் படங்களைத் தவிர்த்துவிடுவதே சரி. உரிமத்தைத் திரும்பப் பெற முடியாத இடத்தில், குழந்தையின் சார்பில் முடிவெடுக்க நமக்கு உரிமை இல்லை. அரிய உயிரினங்களிலும் இதே கவனம் வேண்டும். மேகமலையில் கண்ட அரிய ஆர்கிட் செடியின் சரியான இருப்பிடத்தை வெளியிட்டால், அதைப் பறிப்பவருக்கே வழிகாட்டியதாகும். அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை ஐ-நேச்சுரலிஸ்ட் தானாகவே மங்கலாக்கிக் காட்டும். மற்றவற்றில் நாமே கவனிக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

எட்டாம் வகுப்பில் நான் நடத்தும் செயல்பாடு இது. எந்தக் குறிப்பும் இல்லாத வாய்க்கால் படம் ஒன்றைக் குழுக்களிடம் கொடுப்பேன். ஒரு குழு 18ஆம் கால்வாய் என்னும். இன்னொரு குழு பி.டி.ஆர். கால்வாய் என்று அடித்துச் சொல்லும். தண்ணீர் ஓடுவதால் ஜூன் மாதம் என்பார் ஒருவர், இல்லை, ஐப்பசி மழை என்பார் மற்றொருவர். வாதம் முடிவதில்லை. ஏனெனில் விடை படத்துக்குள் இல்லை.

பிறகு நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுவேன்: இது என்ன? எங்கே? எப்போது? எடுத்தவர் யார்? ஒவ்வொருவரும் தம் வீட்டருகே உள்ள ஒரு கிணறு, மரம், நடுகல் அல்லது தொழிற்கருவியைத் தேர்ந்து இந்நான்கிற்கும் விடை எழுதிவர வேண்டும். ‘வயல்’ என்று எழுதியவர், அடுத்த முயற்சியில் ‘உத்தமபாளையம் அருகே முதல்போக நெல் நடவு, ஜூன் மாதம்’ என்று எழுதுகிறார். ஊர்ப்பெயரும் பருவமும் சேர்ந்தவுடன் அதே படம் புவியியல் பாடத்திற்கும் வேளாண்மைப் பாடத்திற்கும் சான்றாகிவிடுகிறது. பாட்டியிடம் கேட்டு, கமலையின் உறுப்புகளுக்கெல்லாம் பெயர் எழுதிவந்த மாணவியும் உண்டு. அப்பெயர்களில் சில எனக்கே புதியவை.

மாணவர் எழுதிய குறிப்புகளைச் சரிபார்த்தபின், நான் எடுத்த படங்களுடன் என் கணக்கில் பதிவேற்றுகிறேன். மாணவருக்குத் தனிக் கணக்கு தேவையில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

இந்த வாரம் உங்கள் ஊரின் பெயரைப் பொதுவகத்தில் தேடிப் பாருங்கள். கண்மாய், சந்தை, பழைய மண்டபம், உள்ளூர்ப் பயிர் இவற்றில் எதற்குப் படமில்லை என்று பட்டியலிடுங்கள். உங்களிடம் உள்ளவற்றில் பத்துப் படங்களைத் தேர்ந்து, நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். விடை தெரியாத படத்தை, தெரிந்த பெரியவர் இருக்கும்போதே அவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். படத்தை எந்தத் தளத்தில் இடுவது என்பதைப் பிறகுகூட முடிவு செய்யலாம்.