18 மீட்டரில் ஏன் நிறுத்துகிறார்கள்?

மோட்டார் சைக்கிள் ஓட்ட அரசாங்கம் உரிமம் தருகிறது. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்க உரிமம் தருவது யார்? பெரும்பாலான நாடுகளில் அரசாங்கம் அன்று. முக்குளிப்புப் பயிற்சி நிறுவனங்களே சான்று அட்டை வழங்குகின்றன. அட்டையைக் காட்டினால்தான் படகில் ஏற்றுவார்கள், சிலிண்டரில் காற்று அடைத்துத் தருவார்கள். உலகெங்கும் கிளைகள் உள்ள பி.ஏ.டி.ஐ. என்ற நிறுவனத்தின் முறையில், முதல் படியான ‘ஓப்பன் வாட்டர்’ முடித்தவர் 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். அடுத்த படி முடித்தவர் 30 மீட்டர். தனிப் பயிற்சி பெற்றால் 40 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு அதுதான் கடைசி எல்லை.

இந்த எண்களின் பொருளைப் புரிந்துகொள்ள உங்கள் இயற்பியல் பாடத்திலுள்ள பாய்ல் விதியே போதும். வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை 1 வளிமண்டலம் என்கிறோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறக்குறைய இன்னொரு வளிமண்டலம் சேர்கிறது. 10 மீட்டரில் 2. 18 மீட்டரில் 2.8, 30 மீட்டரில் 4, 40 மீட்டரில் 5.

தூத்துக்குடிக் கடலில் முத்தும் சங்கும் எடுத்தவர்கள் மேலேயே மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார்கள். 10 மீட்டரில் அவர்களுடைய நுரையீரலிலுள்ள காற்று பாதிக் கன அளவுக்குச் சுருங்கும். மேலே வந்ததும் பழைய அளவை அடையும். அதைத் தாண்டாது. ஸ்கூபா முக்குளிப்பில் நிலைமை வேறு. பிரான்சில் 1943-இல் ழாக் கூஸ்டோவும் எமில் கான்யானும் உருவாக்கிய ரெகுலேட்டர், சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. ஆகவே ஆழத்திலும் நுரையீரல் முழு அளவுக்கு நிரம்புகிறது. 10 மீட்டரில் 6 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு ஒருவர் மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். ‘மூச்சை ஒருபோதும் அடக்காதே’ என்பது முதல் பாடமாக இருப்பதன் காரணம் இதுவே. 30 மீட்டரிலிருந்து 20-க்கு வரும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது. கடைசி 10 மீட்டரிலோ இரு மடங்காகிறது. ஆழம் குறைந்த இடம்தான் ஆபத்தில்லாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி காற்றின் செலவைப் பார்ப்போம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 வளிமண்டல அழுத்தத்தில் காற்று அடைத்தால், சாதாரண அழுத்தத்தில் அது 2,400 லிட்டர். இதில் கால் பங்கை அவசரத்துக்கென்று ஒதுக்கினால் மீதி 1,800. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 18 மீட்டரில் 56 லிட்டர் செலவழிப்பார். அவருக்குக் காற்று 32 நிமிடம் வரும். 30 மீட்டரில் 22 நிமிடம். 40 மீட்டரில் 18 நிமிடம்தான்.

இரண்டாவது கடிகாரம் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நைட்ரஜன் கடிகாரம். அழுத்தம் கூடினால் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரைகிறது. கோலி சோடாவின் கோலியைத் தட்டியவுடன் வாயு பொங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். நெடுநேரம் ஆழத்தில் இருந்தவர் சடாரென்று மேலே வந்தால் உடலுக்குள்ளும் அப்படிக் குமிழிகள் தோன்றும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை உண்டாக்கும் இந்நோயை முக்குளிப்போர் ‘பெண்ட்ஸ்’ என்பார்கள். இதைத் தடுக்க 1908-இல் ஜே. எஸ். ஹால்டேன் முதல் அட்டவணைகளை வெளியிட்டார். இன்று மணிக்கட்டில் கட்டிய சிறு கணிப்பொறி அந்த வேலையைச் செய்கிறது. இடையில் நிற்காமல் மேலே வரக்கூடிய நேர எல்லை, பி.ஏ.டி.ஐ. அட்டவணைப்படி, அன்றைய முதல் முக்குளிப்பில் 18 மீட்டரில் 56 நிமிடம். 30 மீட்டரில் 20. 40 மீட்டரில் வெறும் 9.

இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 18 மீட்டரில் நைட்ரஜன் எல்லை வருமுன்பே காற்று தீர்ந்து புதியவர் மேலே வந்துவிடுவார். அழுத்தமானியே அவரைக் காப்பாற்றுகிறது. 30 மீட்டரில் அது தலைகீழாகிறது. சிலிண்டரில் காற்று மீதியிருக்கும்போதே நைட்ரஜன் எல்லை முடிந்துவிடுகிறது. ‘இன்னும் காற்று இருக்கிறதே’ என்று தங்குபவர் நோயை வாங்கிக்கொள்வார். போதாக்குறைக்கு, 30 மீட்டரை ஒட்டி நைட்ரஜன் மூளையையும் மயக்கத் தொடங்குகிறது. கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடத்தில்தான் புத்தி மந்தமாகிறது! 18-க்கும் 30-க்கும் இடையே தனிப் பயிற்சி வேண்டும் என்பது வெறும் சடங்கன்று.

முதல் படியில் சேரக் குறைந்த வயது 10. 15 வயது நிறையும்வரை இளையோர் அட்டைதான். மருத்துவ வினாத்தாளில் ஆஸ்துமா முதலியவற்றை மறைக்கக் கூடாது. 200 மீட்டர் நீந்த வேண்டும். 10 நிமிடம் மிதக்க வேண்டும். குளத்தில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு முக்குளிப்புகள். முகக் கண்ணாடிக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவதும், காற்றுத் தீர்ந்தால் துணைவரின் இரண்டாவது ரெகுலேட்டரில் சுவாசிப்பதும் இங்கே கற்பவை.

அடுத்த படிக்கு வரும்போதுதான் நிறுவனங்களின் வழிகள் பிரிகின்றன. பி.ஏ.டி.ஐ.யில் ‘அட்வான்ஸ்டு’ என்ற பட்டத்துக்கு மேலும் ஐந்து முக்குளிப்புகள் போதும். ஆழமும் திசையறிதலும் கட்டாயம். மீதி மூன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அதாவது மொத்தம் ஒன்பதே முக்குளிப்புகளில் ஒருவர் ‘உயர்நிலை’ ஆகிவிடலாம். எஸ்.எஸ்.ஐ. நிறுவனத்தில் அதே பெயருள்ள பட்டத்துக்கு நான்கு சிறப்புப் பயிற்சிகளும் 24 முக்குளிப்புகளும் வேண்டும். 1953-இல் தோன்றிய பிரிட்டனின் பி.எஸ்.ஏ.சி. சங்கம் வேறு வழியில் போகிறது. அதன் முதல் படிக்கு எல்லை 20 மீட்டர், இரண்டாம் படிக்கு 35. அந்த இரண்டாம் படியிலேயே பிறரை மீட்கும் பயிற்சியும், மேலே வரும் வழியில் நின்று நின்று நைட்ரஜனை வெளியேற்றும் முறையும் அடங்கிவிடுகின்றன. பி.ஏ.டி.ஐ.யில் மீட்பு ஒரு தனிப் படி. அதை எடுக்காமலே பலர் நின்றுவிடுகிறார்கள். என் எண்ணத்தில் பி.எஸ்.ஏ.சி. ஏற்பாடு சிறந்தது, ஆனால் விடுமுறைப் பயணத்தில் நாலைந்து நாள் மட்டும் கையில் உள்ளவர்க்கு அது ஒத்துவராது. எப்படியானாலும் அட்டையிலுள்ள சொல்லைப் பார்த்து ஒருவரை மதிப்பிடாதீர்கள். எத்தனை முறை இறங்கியிருக்கிறார், கடைசியாக எப்போது இறங்கினார் என்று கேளுங்கள்.

முக்குளிப்பையே தொழிலாகக் கொள்ள விரும்பினால் வயது 18 ஆக வேண்டும். ‘டைவ்மாஸ்டர்’ பயிற்சியைத் தொடங்க 40 முக்குளிப்புகள், முடிக்க 60, ஆசிரியராவதற்கு 100.

ஒரு வேடிக்கையான பயிற்சியும் உண்டு: நைட்ராக்ஸ். சிலிண்டரில் ஆக்சிஜனை 32 சதவீதமாக உயர்த்தி நைட்ரஜனைக் குறைத்துவிடுகிறார்கள். அப்படியானால் இன்னும் ஆழமாகப் போகலாம் அல்லவா? இல்லை, ஆழம் குறைகிறது! அழுத்தம் மிகுந்தால் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும் என்பதைப் போல் பெர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1878-இலேயே எழுதிவிட்டார். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 வளிமண்டலத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்றைய விதி. 1.4-ஐ 0.32-ஆல் வகுத்தால் சுமார் 4.4 வளிமண்டலம், அதாவது ஏறத்தாழ 33 மீட்டர். நைட்ராக்ஸ் தருவது நேரம், ஆழமன்று. 40 மீட்டருக்கும் கீழே நெடுந்தூரம் போகிறவர்கள் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள். அதற்கான பயிற்சி முற்றிலும் வேறு.

நீங்களே ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். பதற்றத்தில் நிமிடத்துக்கு 24 லிட்டர் சுவாசிக்கும் ஒரு மாணவர், அதே சிலிண்டருடன் 15 மீட்டரில் இருக்கிறார். கால் பங்கை ஒதுக்கிவிட்டால் அவருக்குக் காற்று எத்தனை நிமிடம் வரும்?

(விடை: 30 நிமிடம்.)