டயாலிசிஸ்: கட்டணத்திற்கு அப்பால்

சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்தோர் பொதுவாக வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம், டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். 2016இல் தொடங்கிய பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இதனை இலவசமாக்கியது. ஆயினும், கட்டணம் நீங்கினாலும் பயணச் செலவும் கூலியிழப்பும் நீங்குவதில்லை. வயிற்றறை வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் இச்சுமையைக் குறைக்கும். இதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2019இல் வெளியிட்டது.

எனினும், டயாலிசிஸிலிருந்து விடுதலை தருவது மாற்றுச் சிறுநீரகமே. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைக் காத்திருப்போருக்கு முறைப்படி வழங்க, கேரள அரசு 2012இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ‘மிருதசஞ்சீவனி’ திட்டத்தைத் தொடங்கியது. தேவையோ கிடைக்கும் உறுப்புகளினும் மிகுதி. எனவே, நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் தொடக்கத்திலேயே கண்டறிந்து கட்டுப்படுத்துவது இன்றியமையாததாகும்.