பவரான மருந்தா, பொருந்துகிற மருந்தா?

நம்பிக்கை: "அமாக்ஸிசிலின் எல்லாம் இப்போ கேட்கிறதில்லை டாக்டர், பவரா ஏதாவது எழுதுங்க."

உண்மை: ஆன்டிபயாடிக்குகளைப் பலத்தை வைத்து வரிசைப்படுத்த முடியாது. எந்தக் கிருமி என்பதுதான் கேள்வி. குழந்தைகளின் தொண்டையைப் புண்ணாக்கும் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலின் 1940களில் புழக்கத்துக்கு வந்தது. இன்றுவரை அந்தக் கிருமி பென்சிலினுக்கும் அதன் உறவான அமாக்ஸிசிலினுக்கும் அடங்கியே போகிறது. 'பவர்' என்று நாம் கேட்டு வாங்கும் அசித்ரோமைசினுக்குத்தான் பல இடங்களில் டிமிக்கி கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் அமாக்ஸிசிலின் முதலில் கைவைக்க வேண்டிய குழுவில் இருக்கிறது. அசித்ரோமைசினும் செஃபிக்ஸைமும் யோசித்து எடுக்க வேண்டிய குழுவில்.

நம்பிக்கை: "மூணு நாள் ஊசி போட்டும் காய்ச்சல் விடலை. இன்னும் பெரிய ஊசி போடணும்."

உண்மை: மழைக்காலத்திலும் அதையொட்டிய குளிர் மாதங்களிலும் தமிழ்நாட்டில் இப்படி விடாமல் அடிக்கும் காய்ச்சலுக்கு ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல், ஒரு முக்கியக் காரணம். புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது. இந்தக் கிருமி நம் உடலின் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. அமாக்ஸிசிலினும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியும் கிருமியின் சுவரைக் குறிவைப்பவை. இதனிடம் அவை செல்லாது. ஊசியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே கதைதான். ஆனால் விலை மலிவான டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும்.

துப்பு சில நேரம் குழந்தையின் உடம்பிலேயே இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் போன்ற இடங்களில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு. வலிக்காது, அரிக்காது, அதனால் குழந்தை சொல்லாது. சட்டை, ஜட்டி எல்லாம் கழற்றிப் பார்த்தால்தான் கண்ணில் படும். எல்லாருக்கும் இருக்கும் என்றும் இல்லை. பொருக்கு இல்லாததாலேயே இந்த நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

"டாக்ஸிசைக்ளினா, பல் கறையாகிவிடுமே!" பழைய டெட்ராசைக்ளினுக்கு ஏற்பட்ட கெட்ட பெயர் அது. இந்த நோய்க்காகச் சில நாட்கள் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் பல்லைக் கறையாக்குவதாகத் தெரியவில்லை. எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கொடுக்கிறார்கள். இதே நோய்க்கு அசித்ரோமைசினும் கேட்கும். தொண்டைப் புண்ணில் இரண்டாம்பட்சமான மருந்து இங்கே சரியான தேர்வாகிவிடுகிறது.

நம்பிக்கை: "நிமோனியான்னா ஊசிதான். சிரப் எதுக்கும் உதவாது."

உண்மை: இந்தியா உட்பட எட்டு நாடுகளில் 3 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். வாய்வழி அமாக்ஸிசிலினும் பென்சிலின் ஊசியும் சமமாகவே பலன் தந்தன என்று 2004இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பால் குடிக்க முடியாத, வலிப்பு வந்த, நினைவு தப்பிய குழந்தைகள் கணக்கு வேறு. அவர்களுக்கு மருத்துவமனையும் ஊசியும் கட்டாயம் வேண்டும்.

நம்பிக்கை: "எந்த ஆன்டிபயாடிக்கும் மூணு நாள் போதும்."

உண்மை: நாள் கணக்கு நோயைப் பொறுத்தது. ஸ்ட்ரெப் தொண்டைப் புண்ணுக்கு அமாக்ஸிசிலின் 10 நாள். பாதியில் நிறுத்தினால் வாத சுரம் வந்து இதயத்தைத் தாக்கும் அபாயம் உண்டு. மூச்சு வேகமாக இருக்கும் சாதாரண நிமோனியாவுக்கு 3 முதல் 5 நாள் போதும்.

நம்பிக்கை: "அண்ணனுக்கு வாங்கினது பாதி பாட்டில் இருக்கு. தம்பிக்கும் அதே சளிதானே."

உண்மை: மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தாலும் பெரும்பாலும் வைரஸ் வேலைதான், ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது. தேவைப்பட்டாலும் அந்த பாட்டில் ஆகாது. உதாரணத்துக்கு, தண்ணீர் கலந்த அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் பவுடர் சிரப்பை ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஏழு நாள்தான் ஆயுள். அளவிலும் வம்பு உண்டு. அமாக்ஸிசிலின் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் வருகிறது, 250 மி.கி. என்றும் வருகிறது. "ஒரு மூடி கொடு" என்று பாட்டி சொல்வது ஒரு பாட்டிலில் சரியாக இருக்கும், இன்னொன்றில் இரட்டிப்பாகிவிடும். மருத்துவர் அளவு போடுவது குழந்தையின் எடைக்குத்தான். அதனால் சீட்டு எழுதும் முன் அன்றைய எடையைப் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கும்போது லேபிளில் உள்ள மி.கி. சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.