ஆறாம் ஆண்டு முடிவதற்குள் கைவர வேண்டிய கணக்கு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. அவற்றுள் எண்ணாகிய கண் மூடிக்கிடந்தால் நேரும் இழப்பைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த நாம் நன்கு அறிவோம். அந்நாளில் பால்மரம் வெட்டிய நம் பெற்றோருள் பலர், நிறுத்தவர் சொன்ன எடையையும் கிராணி எழுதிய கூலியையும் சரிபார்க்க இயலாமல் கைந்நாட்டு இட்டுத் திரும்பினர். அந்நிலை நம் பிள்ளைகளுக்கு வருதல் ஆகாது.

1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு நீங்கினும் தேவை நீங்கவில்லை. பன்னிரண்டு வயதில் இடைநிலைப்பள்ளி செல்லும் மாணவர் பின்வரும் நான்கு திறன்களையேனும் பெற்றிருத்தல் வேண்டும்.

முதலாவது, வாய்பாடும் இடமதிப்பும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது தயங்காமல் நாவில் வர வேண்டும். மறந்தாலும், ஏழேழு நாற்பத்தொன்பதுடன் ஏழைக் கூட்டி விடை காணத் தெரிய வேண்டும். 4,050க்கும் 4,500க்கும் உள்ள வேறுபாடு சுழியம் நிற்கும் இடத்தில் உள்ளதென உணர வேண்டும்.

இரண்டாவது, பின்னம், தசமம், விழுக்காடு ஆகியவற்றின் உறவு. முக்கால், 0.75, 75 விழுக்காடு ஆகிய மூன்றும் ஒன்றே. ஒரு கிலோ வெங்காயம் 3 வெள்ளி 60 சென் எனில், 750 கிராமின் விலை 2 வெள்ளி 70 சென். முதலில் காற்பங்கான 90 சென்னைக் கண்டு, அதனை மும்மடங்காக்கினால் போதும்.

மூன்றாவது, அளவைகள். கிள்ளானில் காலை 7.50க்குப் புறப்படும் ஒருவர் 1 மணி 15 நிமிடம் பயணம் செய்து பிரிக்பீல்ட்ஸ் அடைகிறார் எனக் கொள்வோம். 8.65 என எழுதும் மாணவர் கூட்டலை அறிவார், காலத்தை அறியார். அறுபது நிமிடம் ஒரு மணியாதலின் விடை 9.05 ஆகும்.

நான்காவது, மதிப்பிடுதல். 3.95, 5.90, 8.10 வெள்ளி விலையுள்ள மூன்று பொருள்களுக்கு ஏறத்தாழ 18 வெள்ளி ஆகும் என மனம் முன்னரே கூற வேண்டும். கடைக்காரர் 27.95 என்றால், பணிவுடன் மீண்டும் கூட்டச் சொல்லும் துணிவு அப்போதுதான் பிறக்கும். மேலும், 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றப்படுகிறது. 12.62 என்பது 12.60 ஆகும், 12.63 என்பது 12.65 ஆகும். ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியே மாற்றுதல் தவறு.

பெற்றோர்களே! சந்தைக்குச் செல்கையில் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மீதிச் சில்லறையை அவர்களே எண்ணட்டும். விடை சரியாயினும் பிழையாயினும், "எப்படி வந்தது?" என்று கேளுங்கள். விளக்கத் தெரிந்த பிள்ளையே கணக்கறிந்த பிள்ளை. நாளை தன் சம்பளச்சீட்டில் கையெழுத்திடுமுன் அதனைத் தானே கூட்டிப் பார்க்கும் பிள்ளையும் அதுவே.