கரண்ட் போனபோது கேட்ட சத்தம்

எங்கள் ஊரில் தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். பொதட்டூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு முயலைக் கொண்டுவந்ததே தப்பு என்று பின்னால் சொன்னார்கள். அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

சென்னைப் புறநகரில் ஒரு விலங்குக் காப்பகத்துக்கு ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தேன். முதல் பஸ்ஸில் திருத்தணி, அங்கிருந்து ரயில். கூண்டு கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, புழுக்கை கூட்டுவது எல்லாம் ஒரே நாளில் கைவந்துவிடும். தூக்குவதற்குத்தான் பழக்கம் வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பின்னங்கால்களுக்கு அடியில் கை கொடுக்காவிட்டால், உதறுகிற உதறலில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகும்.

அங்கே வந்து சேர்ந்த முயல்களில் பாதிக்கு ஒரே கதை. பிள்ளை ஆசைப்பட்டதென்று ஜோடியாக வாங்குவார்கள். "ரெண்டும் பொட்டைதான் சார்" என்று கடைக்காரர் சொன்னதை நம்புவார்கள். முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கவும் செய்யும். மூன்றாவது ஈற்றில் அட்டைப்பெட்டியோடு காப்பக வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இடம் போதவில்லை, கொஞ்ச நாள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஒருங்கிணைப்பாளர் அம்மா கேட்டார். ஒரு வெள்ளை, ஒரு சாம்பல். இரண்டும் பொட்டை, இந்த முறை நிஜமாகவே. துணிக்கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன். என் மனைவியின் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, மொசக் கறிக்கு இம்மாம் செலவா?" என்றான்.

தீனியில் நான் குறை வைக்கவில்லை. வரப்பில் அறுத்த அருகம்புல், அதையே நிழலில் உலர்த்தியது, சாயங்காலம் ஒரு பிடி கொத்தமல்லித் தழை. படத்தில் பார்க்கிற மாதிரி கேரட்டை அள்ளிப் போடவில்லை. கேரட் முயலுக்கு மிட்டாய் மாதிரி. அக்னி நட்சத்திரத்துக்கு ஈரச் சாக்கும், துணியில் சுற்றிய, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலும் வைத்தேன். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பகத்திலிருந்து திரும்பியபோது வெள்ளை மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. கொத்தமல்லியை முகர்ந்தது, தின்னவில்லை. வெயிலுக்கு அசந்திருக்கும் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. தறிகள் நின்றன. அந்த அமைதியில் கறக், கறக் என்று பல்லை அரைக்கிற சத்தம். எனக்கு ஒரே சந்தோஷம். முயல் திருப்தியாக இருந்தால் பல்லை அரைக்கும், பூனை சுகத்தில் குர்குர் என்கிற மாதிரி என்று காப்பகப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மனைவியைக் கூப்பிட்டு, "கேளு, நம்ம வீடு அதுக்குப் புடிச்சிருக்கு" என்றேன்.

பயிற்சியில் சொன்னது பாதிதான். திருப்தியில் அரைக்கிற சத்தம் காதை அருகில் வைத்தால்தான் கேட்கும். இரண்டடி தள்ளி நின்றே கேட்டால் அது வலி.

அது அப்போது எனக்குத் தெரியாது. இருந்தும் மனசு கேட்கவில்லை. "சாப்பிடல, பல்லை அரைக்குது" என்று காப்பகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஒண்ணும் இல்ல, காலையில பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. அதை நம்பிப் படுத்தேன். என் பெரிய தப்பு அந்த ஒரு ராத்திரிதான். மாடு ஒரு வேளை தின்னாவிட்டால் காத்திருந்து பார்க்கலாம். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கள் தறி மாதிரி. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் குடல் நின்று வாயு அடைத்துக்கொள்ளும்; அதற்கு வாந்தியும் எடுக்க வராது. காலை நான்கரைக்கு எழுந்து பார்த்தேன். தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது.

ரயில் திருவள்ளூர் தாண்டும்போது கூடைக்குள் அசைவு நின்றது.

இருந்தும் வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரை கொண்டுபோனேன். டாக்டர் வாயைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார். கடைவாய்ப் பல் ஊசியாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. முயலுக்குப் பல் சாகும்வரை வளரும். நார்ப்புல் மென்று தேய்த்தால்தான் அளவில் நிற்கும். முன்பு வளர்த்தவர்கள் சோறும் பிஸ்கட்டும் கொடுத்தே வளர்த்திருக்க வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் அம்மா, என் பெயரைச் சொல்லாமல், "தறி ஓடுற வீட்டுக்கெல்லாம் முயலைக் கொடுக்கக் கூடாது" என்றார். கடைவாய்ப் பல் என் வீட்டில் இருந்த மூன்று வாரத்திலா ஊசியாயிற்று? அனுப்புவதற்கு முன் வாயைத் திறந்து பார்க்க வேண்டியது யார்? அங்கே வாய் திறக்காமல் வந்துவிட்டேன், இங்கே கேட்கிறேன். தறிச் சத்தத்தில் மந்தமானது என் காதுதான், முயலின் பல் இல்லை.

ஆகவே நீங்கள் காப்பகத்திலிருந்து முயல் எடுத்துவந்தால், கடைவாயையும் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். வீட்டில் சத்தம் அடங்குகிற நேரத்தில் ஒருமுறை கூண்டருகே உட்கார்ந்து காது கொடுங்கள். தினமும் புழுக்கையைப் பாருங்கள், சிறுத்தாலே சந்தேகப்படலாம். விடியற்காலையில் அது தன் பின்புறத்திலிருந்தே மெத்தென்ற புழுக்கையை எடுத்துத் தின்னும், அருவருக்காதீர்கள், அதுவும் அதற்கு உணவு. பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலின் சிரப்பையோ, நாய்க்கு உண்ணிக்காக விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தையோ கொடுத்துவிடாதீர்கள், உயிரே போகும். கரும்பு வெட்டும்போது அகப்பட்ட மொசக்குட்டியை என்னிடம் கொண்டுவந்தவர்களும் உண்டு. அது காட்டு முயல், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது. எடுத்த இடத்திலேயே விடச் சொன்னேன்.

ஜோடியில் ஒன்று செத்தால் மற்றதும் தீனியை விடக்கூடும். வெள்ளையைப் புதைக்கும் முன் சாம்பலுக்குக் காட்டினேன். முகர்ந்தது, பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. இந்தத் தடவை யாருக்கும் வாட்ஸ்அப் அனுப்பவில்லை. தறி நான்கையும் நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். விடியும்போது மச்சான் ஈரத்தோடு ஒரு கட்டு அருகம்புல் கொண்டுவந்து போட்டான். கறிப் பேச்சு எடுக்கவில்லை. ஏழு மணிக்குச் சாம்பல் ஒரு புல்லை இழுத்தது.

காப்பகத்தில் அதைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.