கண்ணில் பூ விழுவதற்கு முன்னால்

கேள்வி: நெல் அறுப்பு மெஷின் பக்கத்தில் நின்றபோது என் வீட்டுக்காரருக்கு வலது கண்ணில் சுணை பட்டுவிட்டது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வாங்கி மூன்று நாள் விட்டோம். சிவப்பு குறையவில்லை. கருவிழியில் சின்னதாக வெள்ளைப் புள்ளி தெரிகிறது. மாமியாரின் புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கிறது. அதை விடலாமா, கடையில் இன்னும் வீரியமானதாகக் கேட்கலாமா?
— வாசகி, வாடிப்பட்டி

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. உங்கள் கேள்வி வந்த அன்றே, கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி உங்களிடம் போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கருவிழியில் புண் வந்துவிட்டது என்று பொருள். அந்தப் புண் ஆறிய இடத்தில் நிற்கும் தழும்பைத்தான் ஊரில் 'பூ விழுந்துவிட்டது' என்கிறோம்.

1994இல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். கிருமி இன்னதென்று தெரிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பாக்டீரியா, பாதிப் பேருக்குப் பூஞ்சை. வயலில் அடிபட்ட கண்ணில் பூஞ்சையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. எவ்வளவு வீரியமானதை வாங்கினாலும் இதுதான் கதை. பூஞ்சைக்கு நாட்டமைசின் போன்ற வேறு மருந்து வேண்டும்.

மாமியாரின் பாட்டில் இன்னும் ஆபத்து. புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு அடங்கும், வலி விட்டது போல இருக்கும். உள்ளே பூஞ்சை கருவிழியை அரித்துக்கொண்டே போகும்.

சரி, பாக்டீரியாவாகவே இருந்தால்? அப்போது மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும் எழுப்பி மருந்து விடுவோம். நினைத்தபோது ஒரு சொட்டு விட்டால் வலுவற்ற கிருமிகள் சாகும்; மருந்தைத் தாங்கியவை பிழைத்துப் பெருகும். மருந்துக்குப் பழகிய கிருமி என்ன செய்யும் என்பதை 2023இல் அமெரிக்காவில் பார்த்தோம். சென்னைக்கு அருகே தயாரான ஒரு கண் சொட்டு மருந்தோடு தொடர்புடையதாக அங்கே கண்டறியப்பட்ட சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேர் பார்வை இழந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் கார்பபெனெம் வகை மருந்துக்கும் அடங்காத கிருமி அது. சூடோமோனாஸ் வகைக் கிருமிகள் நம்மூர்க் கருவிழிப் புண்களிலும் வருகின்றன.

ஆன்டிபயாடிக்கை நான் எதிரியாகச் சொல்லவில்லை. 2002 முதல் 2004 வரை மதுரை மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வில், கண்ணில் சிராய்ப்பு பட்டவுடன் சுகாதாரப் பணியாளர்கள் பரிசோதித்துக் குளோராம்பெனிக்கால் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். பெரும்பாலோருக்குப் புண்ணே வரவில்லை. ஆனால் அது முதல் இரண்டு நாளுக்குள், புள்ளி விழுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது.

புள்ளி விழுந்த பிறகு கிருமி எதுவென்று பார்த்தே தீர வேண்டும். மரத்துப்போகச் சொட்டு விட்டு, மெல்லிய பிளேடால் புண்ணைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். பூஞ்சை என்றால் பல நேரம் அதன் இழைகள் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணில் விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இதுவரை விட்ட பாட்டில்களையெல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன மருந்து, எத்தனை நாள் விட்டீர்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.