ஒரு மடல், முந்நூறு முகவரி

உரைநடை உலகம்

நுழையும்முன்

மடலின் முதல் வரியில் தம் பெயரைக் காண்பவர், அது தமக்கென்றே எழுதப்பட்டது என நம்புகிறார். ஒரே மடலைப் பல நூறு பேருக்கு, அவரவர் பெயரும் ஊரும் பொருந்துமாறு கணினி சில நிமிடங்களில் ஆக்கித் தருகிறது. இடையிடையே அது சில வினாக்களை எழுப்பிக் காத்து நிற்பதும் உண்டு. அவ்வினாக்கள் இல்லாமலே பணியை முடிக்க இயலுமா? கணினி வினவாதபோது சரிபார்க்கும் பொறுப்பு யாரைச் சேரும்? இவற்றை ஆராய்கிறது இப்பாடம்.

கடம்பத்தூரிலிருந்து ஒரு விண்ணப்பம்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. அவ்விருப்புப்பாதையில் திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே உள்ள ஊர் கடம்பத்தூர். இன்று அவ்வட்டார இளைஞர்கள் பலர் காக்களூர், திருமழிசை தொழிற்பேட்டைகளுக்கும் கும்மிடிப்பூண்டித் தொழில் வளாகத்துக்கும் பணி தேடிச் செல்கின்றனர். அவர்களுள் தொழிற்பழகுநராகச் சேர விரும்புவோரும் உளர்.

கடம்பத்தூரைச் சேர்ந்த ஒரு மாணவி தொழிற்பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என வைத்துக்கொள்வோம். அவளைப் போன்று முந்நூறு பேர் விண்ணப்பித்துள்ளனர். அனைவருக்கும் நேர்காணல் அழைப்பு மடல் அனுப்ப வேண்டும். மடலின் செய்தி ஒன்றே. பெயர், முகவரி, நாள், நேரம் ஆகியவை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அலுவலகத்தில் இப்பணியைச் செய்பவர் ஒரே ஓர் எழுத்தர்.

மடல் உருவாகும் முறை

இத்தகைய பணிக்குச் சொற்செயலியில் உள்ள வசதியே அஞ்சல் இணைப்பு. இதற்கு இரண்டு கோப்புகள் வேண்டும். மாறாத செய்தியைக் கொண்டது முதன்மை ஆவணம். மாறும் விவரங்களை அட்டவணையாகக் கொண்டது தரவு மூலம். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஒருவரைக் குறிக்கும். அது பதிவு எனப்படும். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒருவகை விவரத்தைக் குறிக்கும். அது புலம் எனப்படும். முதன்மை ஆவணத்தில் பெயர் வரவேண்டிய இடத்தில் பெயர்ப்புலத்தையும், ஊர் வரவேண்டிய இடத்தில் ஊர்ப்புலத்தையும் செருக வேண்டும். இணைக்கும் கட்டளை தரப்பட்டதும் பதிவுக்கு ஒன்றாக முந்நூறு மடல்கள் உருவாகும்.

தெரியுமா?

1964ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் காந்த நாடாவில் எழுத்துகளைப் பதிந்து வைக்கும் தட்டச்சுப்பொறியை வெளியிட்டது. அதன் இரு நாடா வகையில், ஒரு நாடாவில் மடலின் செய்தியும் மற்றொன்றில் முகவரிகளும் இருக்கும். இரண்டையும் இணைத்துப் பொறி தானே தட்டச்சுச் செய்தது. பின்னர்த் தனிமேசைக் கணினிகளில் புகழ்பெற்ற வேர்ட்ஸ்டார் சொற்செயலிக்குத் துணையாக வந்த மென்பொருளின் பெயரே மெயில்மெர்ஜ்.

கணினி ஏன் வினவுகிறது?

மைக்ரோசாஃப்ட் வேர்டு போன்ற சொற்செயலியில், தரவு மூலத்தோடு பிணைக்கப்பட்ட முதன்மை ஆவணத்தைத் திறந்தவுடன் ஓர் உரையாடல் பெட்டி தோன்றும். இந்த ஆவணத்தைத் திறந்தால் எஸ்.கியூ.எல். கட்டளை ஒன்று இயங்கும்; தரவுத்தளத்திலிருந்து விவரங்கள் ஆவணத்துக்குள் வரும்; தொடரலாமா என்று அது வினவும். அட்டவணைக் கோப்பில் பல தாள்கள் இருந்தால், எந்தத் தாள் என்று மற்றொரு வினா எழலாம். மூடும்போது ஆவணத்தைச் சேமிக்கலாமா என்ற வினாவும் எழும். ஓப்பன் ஆபீஸ் ரைட்டரில், முகவரிப் புலங்கள் உள்ள ஆவணத்தை அச்சிட முனைந்தால், இதனைப் படிவ மடலாக அச்சிட வேண்டுமா என்று அம்மென்பொருள் வினவும்.

நாள்தோறும் பலமுறை இணைப்புச் செய்பவருக்கு இவ்வினாக்கள் தடையாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் இவை காரணமின்றி வைக்கப்பட்டவை அல்ல. 1999ஆம் ஆண்டு மார்ச் திங்களில் மெலிசா என்னும் நச்சுநிரல் வேர்டு ஆவணம் ஒன்றினுள் ஒளிந்து பரவியது. ஆவணத்தைத் திறந்தவரின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியலிலுள்ள முதல் ஐம்பது பேருக்கு அது தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. ஆவணம் என்பது படிப்பதற்கு மட்டுமன்று, கட்டளைகளையும் சுமந்து வரக்கூடியது என்பதை அந்நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது. எனவே, கட்டளை இயங்குமுன் மனிதரின் ஒப்புதலைப் பெறுவது ஒரு காப்பு.

வினாவுக்கு முன்பே விடை

வினாக்களால் தடைபடாமல் இணைப்பை முடிக்க இருவழிகள் உள்ளன. கணினியின் பதிவகத்தில் உரிய மதிப்பைச் சுழியாக மாற்றி, எஸ்.கியூ.எல். எச்சரிக்கையை முற்றிலும் நிறுத்திவிடுவது முதல்வழி. இது எளிது. ஆனால், அந்தப் பயனர் கணக்கில் திறக்கப்படும் பிற இணைப்பு ஆவணங்களுக்கும் காப்பு நீங்கிவிடும். அறியாதவர் அனுப்பிய ஆவணத்துக்கும் கதவு திறந்தே கிடக்கும்.

மேக்ரோ எனப்படும் கட்டளைத் தொடரை எழுதி, குறிப்பிட்ட ஒரு பணிக்கு மட்டும் எச்சரிக்கைகளை அடக்குவது இரண்டாம்வழி. இதுவே தக்கது. இதன் படிகள் வருமாறு:

1. எச்சரிக்கைகளைக் காட்டாதிருக்குமாறு சொற்செயலிக்கு ஆணையிடுதல்.

2. முதன்மை ஆவணத்தைத் திறத்தல். எச்சரிக்கை அடக்கப்பட்ட நிலையில், ஆவணம் தரவு மூலத்தோடு பிணைப்பின்றியே திறக்கும். கேட்கப்படாத வினாவுக்கு ‘வேண்டா’ என்பதையே விடையாகக் கணினி கொள்கிறது எனலாம்.

3. தரவு மூலத்தை மேக்ரோவே பிணைத்தல். கோப்பு எங்குள்ளது, எந்தத் தாள், எந்தப் பதிவுகள் என்பவற்றை இங்கு ஐயமின்றிக் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டுவிட்டால் கணினி கேட்பதற்கு எதுவும் எஞ்சாது.

4. மடல்கள் புதிய ஆவணத்துக்குச் செல்ல வேண்டுமா, அச்சுப்பொறிக்கா, மின்னஞ்சலுக்கா என்பதைச் சொல்லுதல். முகவரியில் ஒரு புலம் வெறுமையாக இருந்தால் அவ்வரியை நீக்குமாறு ஆணையிடுதல்.

5. பிழை நேர்ந்தால் இடையில் நிற்காமல், பிழைகளைத் தனி ஆவணத்தில் பதியுமாறு கூறி இணைப்பை இயக்குதல்.

6. முதன்மை ஆவணத்தைச் சேமிக்காமல் மூடுதல்.

7. எச்சரிக்கைகளை மீண்டும் இயங்கச் செய்தல்.

ஏழாம் படியைப் பலர் மறந்துவிடுகின்றனர். மேக்ரோ முடிந்ததும் வேர்டு தானாகவே எச்சரிக்கைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. மேக்ரோ பாதியில் நின்றாலும் இப்படி நிறைவேறுமாறு எழுதுவதே முறை.

இம்மேக்ரோ வினாக்களை அழிக்கவில்லை என்பதை இங்கு நோக்க வேண்டும். கணினி கேட்கவிருந்த ஒவ்வொன்றுக்கும் எழுத்தர் முன்பே விடை எழுதி வைத்திருக்கிறார். கணினியின் வினா நீங்கினாலும் முடிவெடுக்கும் பொறுப்பு நீங்கவில்லை. அது வேலையின் தொடக்கத்துக்கு இடம் மாறியுள்ளது.

கணினி கேட்காத வினாக்கள்

எச்சரிக்கைகளை அடக்காதபோதும் கணினி சில பிழைகளைச் சுட்டுவதே இல்லை. இவையே மிகுந்த கேடு விளைப்பவை.

முதலாவது, நாள். தரவு அட்டவணையில் நேர்காணல் நாள் சூன் 5 என்பதைக் குறிக்க 05/06 என நாள், திங்கள் வரிசையில் தோன்றுகிறது எனக் கொள்வோம். இணைப்பின்போது அது அமெரிக்க வழக்கப்படி திங்களை முன்வைத்து 6/5 என மடலில் அச்சாகக்கூடும். படிப்பவர் அதனை மே 6 என்றே கொள்வார். மே இறுதியில் மடலைப் பெறும் கடம்பத்தூர் மாணவி, நேர்காணல் முடிந்துவிட்டது எனக் கருதி வீட்டிலேயே இருந்துவிடக்கூடும். நாள் புலத்தில் வடிவத்தை வரையறுத்து, திங்களின் பெயரை எழுத்தால் வருமாறு அமைத்தால் இக்குழப்பம் நேராது.

இரண்டாவது, கதவு எண். எக்செல் அட்டவணையிலிருந்து தரவைப் பெறும்போது, முதல் எட்டு வரிசைகளைப் பார்த்தே ஒரு நெடுவரிசை எண்ணா, எழுத்தா எனக் கணிப்பது இணைப்பு மென்பொருளின் இயல்பான அமைப்பு. முதல் எட்டுக் கதவு எண்களும் 7, 12, 31 என அமைந்து, ஒன்பதாவது ‘14/2அ’ என இருந்தால், அது எண்ணன்று என ஒதுக்கப்பட்டு மடலில் வெற்றிடமாகிவிடலாம். 4/12 போன்ற கதவு எண்ணை அட்டவணைச் செயலி நாளாகவே மாற்றிவிடுவதும் உண்டு. விவரங்களை உள்ளிடும் முன்னரே அந்நெடுவரிசையை எழுத்து வடிவினதாக அமைப்பது இதற்குத் தீர்வு.

மூன்றாவது, எழுத்துரு. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் தமிழ் 99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய குறியீட்டில் உள்ளிடப்பட்ட பெயர்ப்பட்டியலை ஒருங்குறி எழுத்துருவில் அமைந்த மடலோடு இணைத்தால், பெயருக்கு மாற்றாகப் பொருளற்ற குறிகள் வந்து நிற்கும். கணினி அவற்றையும் எழுத்துகளாகவே கருதும். ஆதலின், பழைய பட்டியலை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இலக்கணம் அறியாத புலம்

தமிழில் மடல் எழுதுவோர் கருத வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஊர்ப்புலத்தை அடுத்து ‘இல்’ என்னும் உருபைத் தட்டச்சுச் செய்தால் என்ன ஆகும்?

கடம்பத்தூர் + இல் = கடம்பத்தூரில்
திருமழிசை + இல் = திருமழிசையில்
பேரம்பாக்கம் + இல் = பேரம்பாக்கத்தில்
மப்பேடு + இல் = மப்பேட்டில்

நான்கு ஊர்களும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவையே. முதலாவதில் மெய்யின்மேல் உயிர் ஏறி முடிகிறது. இரண்டாவதில் யகர உடம்படுமெய் தோன்றுகிறது. மூன்றாவதில் மகரம் கெட்டு அத்துச் சாரியை வருகிறது. நான்காவதில் குற்றியலுகரத்தின் ஒற்று இரட்டிக்கிறது. கணினியோ ‘பேரம்பாக்கம்இல்’ என்றும் ‘மப்பேடுஇல்’ என்றும் ஒட்டி வைத்துவிட்டு அடுத்த மடலுக்குச் சென்றுவிடும்.

ஆதலின், புலம் உருபேற்காதவாறு தொடரை அமைப்பதே தமிழுக்கு ஏற்ற வழி. ‘ஊர்: கடம்பத்தூர்’ எனத் தனித்து நிறுத்தலாம். ‘பேரம்பாக்கம் என்னும் ஊரில்’ எனப் பொதுச்சொல்லை இடையில் அமைத்து உருபை அதன்மேல் ஏற்றலாம். பெயரை அடுத்து ‘அவர்களுக்கு’ என எழுதுவதிலும் இந்நன்மை உண்டு. உருபை ‘அவர்கள்’ என்னும் சொல் ஏற்றுக்கொள்ள, பெயர் மாறாமல் நிற்கிறது. மடலை வரைபவரின் இலக்கண அறிவு இங்குக் கணினி அறிவுக்கு இணையாகப் பயன்படுகிறது.

அனுப்பும் முன்

இடைநில்லாமல் இயங்கும் இணைப்புக்கு முன்னும் பின்னும் மனிதர் செய்ய வேண்டியவை சில உள. முதலில் ஐந்து பதிவுகளை மட்டும் இணைத்துப் பார்க்க வேண்டும். அவை பட்டியலின் முதல் ஐந்தாக இருத்தல் போதாது. மிக நீண்ட பெயர், வெறுமையான புலம், எழுத்தும் எண்ணும் கலந்த கதவு எண் ஆகியவை உள்ள பதிவுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுமையாக இணைத்த பின் பதிவுகளின் எண்ணிக்கையும் மடல்களின் எண்ணிக்கையும் ஒத்துள்ளனவா எனக் காண வேண்டும். பிழைகள் பதியப்பட்ட ஆவணத்தைத் திறந்து படிக்க வேண்டும். மின்னஞ்சலாயின் அனுப்பியதை மீட்பது அரிது. எனவே, முதலில் புதிய ஆவணத்தில் இணைத்துச் சரிபார்த்த பின்னரே அனுப்ப வேண்டும்.

திரையில் வினா தோன்றவில்லை என்பது பிழை இல்லை என்பதற்குச் சான்றாகாது. எழுத்தருக்கு அது முந்நூறு மடல்களுள் ஒன்று. கடம்பத்தூரில் அஞ்சல்காரரை எதிர்நோக்கியிருக்கும் மாணவிக்கோ அது ஒரே மடல். அவள் பெயரும், அவள் செல்ல வேண்டிய நாளும் அதில் சரியாக இருக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பெற்றோரை அழைக்கும் மடலை எழுதி, எவ்வெவ்விடங்களில் புலங்கள் வரவேண்டும் எனக் குறிக்க.

2. உங்கள் வகுப்பு மாணவர்களின் ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, ‘இல்’ உருபு சேரும்போது ஒவ்வொன்றும் அடையும் மாற்றத்தை அட்டவணைப்படுத்துக.

திறன் அறிவோம்

குறுவினா
1. முதன்மை ஆவணம், தரவு மூலம் வேறுபடுத்துக.
2. மேக்ரோவின் ஏழாம் படி இன்றியமையாதது ஏன்?

சிறுவினா
1. ‘வினா நீங்கினாலும் பொறுப்பு நீங்கவில்லை’ – விளக்குக.
2. புலம் உருபேற்காதவாறு தொடர் அமைக்கும் வழிகளை எடுத்துக்காட்டுடன் எழுதுக.

நெடுவினா
கணினி சுட்டாத பிழைகளையும் அவற்றைத் தவிர்க்கும் முறைகளையும் தொகுத்துரைக்க.

கலைச்சொல் அறிவோம்

அஞ்சல் இணைப்பு – மெயில் மெர்ஜ்
சொற்செயலி – வேர்டு பிராசஸர்
உரையாடல் பெட்டி – டயலாக் பாக்ஸ்
தரவு மூலம் – டேட்டா சோர்ஸ்
ஒருங்குறி – யூனிகோடு